ஸ்டெப்னியே இல்லாத கார்வெட்டுக்கு ரன்-ஃப்ளாட்டா, சாதா டயரா?

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா எழுதிக்கறேன், ஏன்னா இதுல இருக்கற சின்ன சின்ன விவரத்தை வெச்சுதான் பதிலே மாறும். 2008 சி6 (ஆறாவது தலைமுறை) கார்வெட், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, டல்லாஸ்ல இருக்கீங்க. பழைய ஓனர் போட்ட கூட்இயர் இஎம்டி ரன்-ஃப்ளாட் (காத்து போனாலும் கொஞ்ச தூரம் ஓடற டயர்) அப்படியே இருக்கு, பின்னாடி ரெண்டும் மொட்டை, முன்னாடி ரெண்டும் பாக்க நல்லா இருக்கு ஆனா 2013ல செஞ்சது. வார இறுதி ஓட்டம், வருஷத்துக்கு ஒரு தடவை மேற்கு டெக்சாஸ் பாலைவனத்துல இருக்கற பிக் பெண்ட் நேஷனல் பார்க் பக்கம் லாங் டிரைவ், எப்பவாச்சும் ஆஸ்டின் சர்க்யூட்ல ஒரு ட்ராக் டே, நடுவுல அப்பப்போ உங்க வீட்ல அவங்க ப்ளேனோ ஆபீஸுக்கு எடுத்துட்டு போறாங்க. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் "ரன்-ஃப்ளாட் குப்பை, கழட்டி எறி"ன்றாங்க, நீங்க "பிக் பெண்ட்ல பஞ்சர் ஆனா என்ன கதி, அங்க போறதுக்காகவாவது ரன்-ஃப்ளாட் வேணும்ல"ன்னு யோசிக்கறீங்க.

எனக்கு என்னமோ இது தலைகீழா இருக்குன்னு தோணுது. பிக் பெண்ட்டுக்காக ரன்-ஃப்ளாட் வாங்கறது பெருசா உதவாது, வேணும்னா ப்ளேனோ ஆபீஸுக்காக வாங்கலாம். ஏன்னு சொல்றேன்.

அதுக்கு முன்னாடி, முன்னாடி இருக்கற அந்த ரெண்டு டயரையும் காப்பாத்தணும்னு நினைக்காதீங்க. ட்ரெட் (ரோட்ல படற பகுதி) ஆழம் இருக்கலாம், ஆனா இத்தனை வருஷத்துல ரப்பர் கட்டியாயிருக்கும், டெக்சாஸ் வெயில்ல நின்ன கார் வேற. 430 குதிரைசக்தி பின் சக்கரத்துக்கு போற காருல நாலு டயரும் ஒரே பிராண்ட், ஒரே மாடல், ஒரே வயசா இருக்கணும். முன்னாடி பழைய ரன்-ஃப்ளாட், பின்னாடி புது சாதா டயர்னு கலந்து போட்டா முன்னாடி ஒரு மாதிரி திரும்பும் பின்னாடி ஒரு மாதிரி பிடிக்கும், மழைல ஒரு எக்ஸிட் ராம்ப்ல அது தெரிய வரும்போது ரொம்ப லேட். ஆக நாலும் போகணும், அதுல பேச்சே இல்ல. வயசு பாக்க தெரியும்ல, சைடுவால்ல (டயரோட பக்கவாட்டுல) டாட் நம்பர் கடைசி நாலு இலக்கம், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம்.

இப்ப ரன்-ஃப்ளாட் உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பாக்கலாம், ஏன்னா அது புரிஞ்சா பாதி கேள்வி தானா தீந்துடும். சாதா டயர்ல வண்டி எடையை தாங்கறது காத்து, சைடுவால் சும்மா அந்த காத்தை பிடிச்சு வெச்சிருக்கற மெல்லிசான சுவர். காத்து போச்சுன்னா சைடுவால் மடிஞ்சு ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல மாட்டி நசுங்கும், கொஞ்ச தூரத்துலயே உள்பக்கம் ரப்பர் தூள் தூளா உதிர ஆரம்பிச்சுடும், அதுக்கப்புறம் ஆணி குத்தின ஓட்டையை அடைச்சாலும் டயர் செத்தது செத்ததுதான். ரன்-ஃப்ளாட்ல சைடுவாலுக்குள்ள தடியா, வெப்பம் தாங்கற ரப்பர் ஒண்ணை சேர்த்து வெச்சிருப்பாங்க, பீடும் (ரிம்மை கவ்வற டயர் விளிம்பு) ரிம்மை விட்டு கழண்டு வராத மாதிரி இறுக்கமா இருக்கும். காத்து சுத்தமா இல்லைன்னாலும் அந்த தடி ரப்பரே வண்டியை தூக்கி நிறுத்தும். பொதுவா கம்பெனிகள் சொல்ற கணக்கு 50 மைல் வேகத்துல 50 மைல் தூரம், அதாவது 80 கிலோமீட்டர்.

அந்த 50 மைல் எப்படி வருதுன்னு பாருங்க. உங்க முன் டயர் 245/40-18, விட்டம் 65 செண்டிமீட்டர் சொச்சம், ஒரு சுத்துக்கு ரெண்டு மீட்டர் சொச்சம் போகும். 50 மைலுக்கு கிட்டத்தட்ட 39,000 சுத்து. வண்டில ஆள் உக்காந்தா ஒரு சக்கரத்து மேல சராசரியா சுமார் 380 கிலோ, அந்த எடையோட ஒவ்வொரு சுத்துலயும் சைடுவால் ஒரு தடவை மடங்கி நிமிருது. இரும்புக் கம்பியை கையில வெச்சு மடக்கி மடக்கி நிமித்தினா சூடாகி ஒடையும்ல, அதே கதைதான். ரன்-ஃப்ளாட்டை கொல்றது தூரம் இல்ல, சூடு. அதனாலதான் வேகத்தை குறைங்கன்றாங்க, அதனாலதான் ஜூலை மாசம் டெக்சாஸ் ரோட்ல லக்கேஜோட போனா 50 மைல் கிடைக்கும்னு கண்ணை மூடிட்டு நம்பக்கூடாது. பிரிட்ஜ்ஸ்டோன் 2009ல கொண்டு வந்த மூணாவது தலைமுறை ரன்-ஃப்ளாட்ல சைடுவால்ல சின்ன சின்ன துடுப்பு மாதிரி வரிசையா வெச்சாங்க, காத்து சுழன்று சூடு இறங்கட்டும்னு. அவ்வளவு மெனக்கெடறாங்கன்னா எதிரி யாருன்னு தெரியுது.

"ரன்-ஃப்ளாட் குப்பை"ன்ற பேச்சுக்கு வருவோம். அது முழுப் பொய்யும் இல்ல, ஆனா பழைய செய்தி. கார்வெட் கதையே இதுக்கு நல்ல சாட்சி. 1994ல சி4க்கு கூட்இயர் இஎம்டி ஆப்ஷனா வந்துச்சு. 1997ல சி5 வந்தப்போ காரை டிசைன் பண்ணும்போதே ஸ்டெப்னி வேணாம்னு முடிவு பண்ணி இஎம்டியை ஸ்டாண்டர்டா போட்டாங்க, ஸ்டெப்னிக்கு பள்ளமே கிடையாது, ஜாக்கியும் கிடையாது, உங்க சி6லயும் அதே கதைதான். ஆனா 2001ல சி5 இசட்06னு வேகமான மாடல் கொண்டு வந்தப்போ அதே இன்ஜினியர்கள் எடை குறைக்க ரன்-ஃப்ளாட்டை கழட்டிட்டு சாதா டயரை போட்டு, கூட ஒரு காத்தடிக்கற கிட்டை கொடுத்தாங்க. அன்னைக்கு ரன்-ஃப்ளாட் கனமா, மொரட்டுத்தனமா இருந்துச்சுன்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரிதான். ஆனா கதை அங்க முடியல. 2006 சி6 இசட்06ல திரும்ப ரன்-ஃப்ளாட், 2009 இசட்ஆர்1 கார்வெட்ல 638 குதிரைசக்திக்கு மிஷலின் பைலட் ஸ்போர்ட் பிஎஸ்2 இசட்பி, அதுவும் ரன்-ஃப்ளாட் (மிஷலின் பேர்ல இசட்பின்னு இருந்தா ரன்-ஃப்ளாட்னு அர்த்தம்). அந்த வண்டி 2008ல ஜெர்மனில இருக்கற நூர்பர்க்ரிங் ரேஸ் ட்ராக்ல 7 நிமிஷம் 26.4 செகண்ட்ல சுத்தி வந்துச்சு. குப்பை டயர்ல அந்த நேரம் வராது. 

அதே சமயம் பிஎம்டபிள்யூ வேற வழியில போச்சு. 2000களோட நடுவுல 3 சீரிஸ், இசட்4னு எல்லாத்துலயும் ரன்-ஃப்ளாட்டை திணிச்சாங்க, ஆனா தன்னோட எம்3லயும் இசட்4 எம்லயும் சாதா டயர்தான் போட்டாங்க. பின்னாடி வந்த இசட்4 எம்40ஐ, அதோட கூடப்பிறப்பான டொயோட்டா சுப்ரா, ரெண்டுலயும் மிஷலின் சாதா டயர், ஸ்டெப்னியும் கிடையாது. ஆக தயாரிக்கறவங்களே ரெண்டு கட்சியா இருக்காங்க, உங்க ஃப்ரெண்ட்ஸ் ஒரே வார்த்தையில தீர்ப்பு சொல்றது கொஞ்சம் ஓவர்.

உங்க ஃப்ரெண்ட்ஸ் ஓட்டிப் பாத்தது பெரும்பாலும் உங்க வண்டில இருக்கற மாதிரி பழைய இஎம்டியாத்தான் இருக்கும். அது நிஜமாவே மொரட்டு டயர். டல்லாஸ் கான்கிரீட் ஃப்ரீவேல ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் டக் டக் டக்னு முதுகுத்தண்டு வரைக்கும் வரும், ரோட்ல லாரி போட்ட தடத்துல ஸ்டியரிங் தானா இழுக்கும். வயசானா இன்னும் மோசம். புது தலைமுறை மிஷலின் இசட்பிக்கும் அதுக்கும் நிறைய வித்தியாசம். இதுல உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கு, நிறைய பேருக்கு தெரியாது: உங்க சி6ல முன்னாடி 245/40-18, பின்னாடி 285/35-19, 2014ல வந்த பேஸ் மாடல் சி7க்கும் அச்சு அசலா அதே சைஸ்தான். சி7க்காக மிஷலின் செஞ்ச பைலட் சூப்பர் ஸ்போர்ட் இசட்பி, அதுக்கப்புறம் வந்த இசட்பி டயர் எதுவா இருந்தாலும் அந்த சைஸ்ல கிடைச்சா உங்க ரிம்முக்கு நேரா உக்காரும். அதனால "ரன்-ஃப்ளாட் வேணும்னா பழைய கூட்இயர்தான்"னு கடைக்காரர் சொன்னா நம்பாதீங்க. அதே சைஸ்ல சாதா டயர்ல பைலட் ஸ்போர்ட் 4எஸ் இருக்கு, ஆக நீங்க கம்பேர் பண்ண வேண்டியது இந்த ரெண்டைத்தான். கழட்டிப் போடப்போற பழைய இஎம்டியை புது 4எஸ் கூட வெச்சு பாத்தா எந்த சாதா டயரும் சொர்க்கமாத்தான் தெரியும், அது நியாயமான போட்டி கிடையாது.

அப்படி நியாயமா வெச்சு பாத்தா என்ன வித்தியாசம்? எடை, ஒரு டயருக்கு ஒண்ணு ரெண்டு கிலோ கூடும், அதுவும் ஸ்பிரிங்குக்கு கீழ இருக்கற எடை, சுத்தற எடை, அதனால மேடு பள்ளத்துல சக்கரம் ரோட்டை விட்டு எழும்பி திரும்ப உக்கார கொஞ்சம் நேரமாகும். சைடுவால் விறைப்பு, சின்ன குழி, ரோடு ஜாயிண்ட்ல தெரியும். ஸ்டியரிங் திருப்பின உடனே காட்டுற வேகத்துல ரன்-ஃப்ளாட் ஒரு இம்மி முன்னாடி இருக்கும், பிடிப்போட எல்லைக்கு பக்கத்துல போகும்போது சாதா டயர் "இதுக்கு மேல போகாத"ன்னு மெதுவா சொல்லும், ரன்-ஃப்ளாட் கொஞ்சம் திடீர்னு சொல்லும். ட்ராக்ல எனக்கு இது முக்கியம், தெருவுல இல்ல. ட்ராக் டேக்குன்னே தனியா டயர் வாங்கற எண்ணம் பின்னாடி வந்தா அந்த ரக டயர்ல பெரும்பாலானது சாதா டயர்தான், தேர்வு அகலமா இருக்கும். விலைல நாலு டயருக்கு சில நூறு டாலர் கூடும், மாட்டற கூலியும் கூட இருக்கலாம், ஏன்னா அந்த விறைப்பான பீடை ரிம்ல ஏத்த துணைக்கை இருக்கற மெஷின் வேணும். அது இல்லாத கடையில நெம்பி நெம்பி ஏத்தினா ரிம் கீறும், உள்ள இருக்கற பிரஷர் சென்சரும் ஒடையும். "கார்வெட் ரன்-ஃப்ளாட் மாட்டியிருக்கீங்களா"ன்னு போன்லயே கேட்டுட்டு போங்க.

சரி, இப்ப பிக் பெண்ட்.

மேராத்தான் ஊரை தாண்டினா பார்க் ஹெட்குவார்ட்டர்ஸ் இருக்கற பாந்தர் ஜங்ஷன் வரைக்கும் சுமார் 70 மைல், நடுவுல டயர் கடைன்னு ஒண்ணு கிடையாது. பெரும்பாலான இடத்துல போன் சிக்னலும் கிடையாது. ஆக ரன்-ஃப்ளாட்டோட 50 மைல் அந்த ரோட்ல எங்க பஞ்சராகுதுன்றதை பொறுத்து போதலாம், போதாமலும் போகலாம். சரி, தட்டுத்தடுமாறி மேராத்தானோ ஆல்பைனோ வந்துட்டீங்கன்னே வெச்சுக்கங்க, அப்புறம்? அங்க இருக்கறது பிக்கப் ட்ரக்குக்கு டயர் வெச்சிருக்கற கடை. 285/35-19 ரன்-ஃப்ளாட் அவங்க அலமாரியில இருக்கும்னு எதிர்பாக்காதீங்க. ஓடெஸா மிட்லேண்ட் பக்கம் வந்தாகூட ஆர்டர் போட்டு ஒரு நாள் ரெண்டு நாள் காத்திருக்கணும். சரி ஓட்டையை மட்டும் அடைச்சு குடுங்கன்னு கேட்டா, காத்தில்லாம ஓட்டின ரன்-ஃப்ளாட்டை தொட மாட்டேன்னு நிறைய கடை சொல்லிடும். அவங்க மேல தப்பு இல்ல, நீங்க எவ்வளவு தூரம், என்ன வேகத்துல வெறும் டயர்ல ஓட்டினீங்கன்னு அவங்களுக்கு தெரியாது, சூட்டுல உள்பக்கம் அடிபட்டிருக்கான்னு வெளிய இருந்து பாத்து சொல்லவும் முடியாது. ஆணி ஓட்டை அஞ்சு டாலர் சமாச்சாரம், ஆனா 40 மைல் அப்படியே ஓட்டினதால டயரே போயிடுது.

அந்த மாதிரி இடத்துல உங்களை வீட்டுக்கு கொண்டு வர்றது ஷூ டப்பா சைஸ்ல ஒரு பை, அதுல பிளக் கிட்டும் (ஓட்டையில ரப்பர் துண்டு செருகி அடைக்கற சாமான்) 12 வோல்ட் கம்ப்ரஸரும். ரோட்டுல வர்ற பஞ்சர்ல பெரும்பாலானது ட்ரெட்ல குத்தற ஆணி, ஸ்க்ரூ. காத்து ஒரேடியா போகாது, மெதுவா இறங்கும். டிபிஎம்எஸ் (டயர் காத்தழுத்தத்தை பாக்கற சென்சர் சிஸ்டம்) வேலை செஞ்சா 30 பிஎஸ்ஐல இருக்கறது 22, 23க்கு இறங்கும்போதே சொல்லிடும், டேஷ்ல நம்பராவே பாக்கலாம். அப்பவே பாதுகாப்பான இடமா பாத்து நிறுத்துங்க. முன் சக்கரம்னா ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு வெச்சா ட்ரெட் வெளிய தெரியும், பின் சக்கரம்னா வண்டியை அரை அடி அரை அடியா நகர்த்தி ஆணி கைக்கு எட்டற இடத்துக்கு கொண்டு வாங்க, வீலை கழட்டவே வேணாம். ஆணி தெரியலைன்னா தண்ணி பாட்டில்ல ரெண்டு சொட்டு சோப்பு கலந்து ஊத்துங்க, குமிழ் வர்ற இடம். பிடுங்கறதுக்கு முன்னாடி ஆணி எந்த சாய்வுல போயிருக்குன்னு பாத்து வெச்சுக்கங்க, ஏன்னா ராவற கம்பியை அதே சாய்வுல விடணும், நேரா குத்தினா பக்கத்துல புது ஓட்டை போட்ட மாதிரி ஆயிடும். நாலஞ்சு தடவை ராவி, பசை தடவின பிளக்கை ஊசியில கோர்த்து முக்கால்வாசி உள்ள தள்ளி, ஊசியை படக்குனு ஒரே இழுப்பா வெளிய எடுங்க, பிளக் உள்ளேயே நிக்கும். வெளிய நீட்டிட்டு இருக்கறதை வெட்டிட்டு 30 பிஎஸ்ஐ அடிங்க, சோப்பு தண்ணியை திரும்ப ஊத்தி பாருங்க. பின் டயர் அகலம், கம்ப்ரஸர் சில நிமிஷம் ஓடும், தொட்டா சுடும், நடுவுல ஆறவிடுங்க. பிளாஸ்டிக் பிடி போட்ட மலிவு கிட் வாங்காதீங்க, உள்ள இரும்புக் கம்பி பட்டை வெச்ச டயர்ல குத்தும்போது பிடி கையோட வந்துடும், டி வடிவத்துல இரும்பு பிடி இருக்கறதா பாருங்க. ஊருக்கு வந்து டயரை கழட்டி உள்பக்கத்துல இருந்து பிளக்கும் பேட்ச்சும் சேந்த முறையான ரிப்பேர் பண்ணிக்கங்க. அமெரிக்கால கடைக்காரங்க வெச்சிருக்கற விதி, ஓட்டை கால் இன்ச்சுக்குள்ள இருக்கணும், ட்ரெட் பகுதியில இருக்கணும், சைடுவால்னா கிடையாது.

சைடுவாலே கிழிஞ்சா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி, அங்க பிளக் வேலைக்கு ஆகாது, ரன்-ஃப்ளாட் ஒண்ணுதான் நகரும். ஆனா நகர்ந்து போய் சேர்ற இடத்துல டயர் இல்லைன்னு மேலயே சொல்லிட்டேன், ரெண்டு கேஸ்லயும் கடைசியில டோ வண்டிதான், வித்தியாசம் என்னன்னா சிக்னல் இல்லாத இடத்துல நிக்கறீங்களா, சிக்னல் இருக்கற இடத்துல நிக்கறீங்களான்றது. அது சின்ன வித்தியாசம்னு சொல்ல மாட்டேன், வெயில் நேரத்துல அங்க மாட்டினவங்களுக்கு தெரியும். ஆனா வருஷத்துக்கு ஒரு ட்ரிப்புக்கு, நிறைய தண்ணியும், எங்க இருக்கோம்னு வீட்ல சொல்லி வெச்சிருக்கறதும் அதைவிட பெரிய காப்பு. ஓல்ட் மேவரிக் ரோடு மாதிரி ஜல்லி ரோட்டு பக்கம் கார்வெட்டை திருப்பவே திருப்பாதீங்க, ராஸ் மேக்ஸ்வெல் ரோடு முழுக்க தார், அதுவே போதும், அந்த வளைவுகளுக்குத்தான் இந்த காரே.

இன்னொண்ணு, ரன்-ஃப்ளாட் போட்டாலும் இந்த பையை தூக்கி வெச்சுக்கங்க. ரன்-ஃப்ளாட்லயும் காத்து முழுசா போறதுக்குள்ள நிறுத்தினா ஆணி ஓட்டையை இப்படியே அடைச்சு ஊர் போய் சேரலாம். ரன்-ஃப்ளாட் இருக்குன்ற தைரியத்துல கையில ஒண்ணுமே இல்லாம போறவங்கதான் நடு ரோட்ல முழிக்கறாங்க.

அப்ப ரன்-ஃப்ளாட்டால என்னதான் பிரயோஜனம்? நான் பாக்கறது, அந்த 50 மைல்ல முதல் அஞ்சு மைலுக்குத்தான் நாம காசு குடுக்கறோம். ராத்திரி ஒன்பது மணி, எல்பிஜே ஃப்ரீவே, நடு லேன்ல 70 மைல் வேகம், பக்கத்துல பதினெட்டு சக்கர லாரி, ரோட்ல கிடந்த ஏதோ இரும்பு சட்டம் டயரை ஒரே அடியில கிழிச்சுடுச்சு. சாதா டயர்னா சில நொடியில ரிம் ரோட்டை தொடும், வண்டி இழுக்கும், எப்படியாவது ஓரம் கட்டணும், ஷோல்டர் சில இடத்துல கையகலம்தான் இருக்கும், சென்ட்ரல் எக்ஸ்பிரஸ்வேலயும் டோல்வேலயும் சில இடத்துல பாத்தா கதவை திறந்து இறங்கவே பயமா இருக்கும். அங்க நின்னுட்டு பிளக் போடறேன்னு குனியறது தற்கொலை. பஞ்சரை விட ஓரமா நிக்கற வண்டி மேல பின்னாடி வர்றவன் வந்து இடிக்கறதுதான் பெரிய ஆபத்து. ரன்-ஃப்ளாட்னா ஸ்டியரிங் கனமாகும், வேகத்தை குறைச்சுட்டு அடுத்த எக்ஸிட்ல இறங்கி, வெளிச்சமா இருக்கற ஒரு பெட்ரோல் பங்க்ல நிறுத்திட்டு போன் பண்ணலாம், முடிஞ்சா வீடு வரைக்குமே போயிடலாம். நாப்பது மைலுக்குள்ள நூறு டயர் கடை இருக்கற ஊர் வேற. 50 மைலுக்கு அர்த்தம் இருக்கற இடம் நகரம்தான், பாலைவனம் இல்ல.

அதனால என் பதில் உங்க வீட்ல அவங்க எத்தனை தடவை இந்த காரை எடுக்கறாங்கன்றதுல நிக்குது. வாரத்துக்கு ரெண்டு மூணு நாள், இருட்டினப்புறம் தனியா திரும்பி வர்றாங்கன்னா இசட்பி போடுங்க, கூடுதல் காசு, கொஞ்சம் டக் டக் சத்தம், ரெண்டையும் சகிச்சுக்கலாம். அவங்ககிட்டயே கேளுங்க, நீங்களா முடிவு பண்ணாதீங்க, பிளக் போட குனிஞ்சு உக்கார அவங்களுக்கு விருப்பமான்னும் சேத்து. "அப்பப்போ"ன்னா மாசத்துக்கு ஒரு நாள், பகல்ல, மத்த நேரம் நீங்கதான்னா பைலட் ஸ்போர்ட் 4எஸ் போட்டுட்டு பையை பின்னாடி வெச்சுடுங்க, அந்த கார் எப்படி ஓடணும்னு செஞ்சாங்களோ அதைவிட நல்லாவே ஓடும். நீங்க எழுதினதை வெச்சு பாத்தா ரெண்டாவதுதான் உங்க நிலைமை, நான்னா 4எஸ்தான் போடுவேன்.

சாதா டயருக்கு மாறினா ஒண்ணை மறக்கவே கூடாது. கார்வெட்டுன்னா ரன்-ஃப்ளாட்தான்னு ஓனர் மேனுவல் சொல்லும், கூகுள் சொல்லும், உங்க வீட்லயும் அப்படித்தான் நினைச்சிட்டு இருப்பாங்க. டிபிஎம்எஸ் லைட் வந்ததும் "ரன்-ஃப்ளாட்தானே, 50 மைல் போகலாம்"னு யாராவது ஓட்டினா டயரும் போகும், ரிம்மும் போகும், அதுக்கு மேலயும் ஆகலாம். சன் வைசர்ல சின்னதா ஒட்டி வெச்சுடுங்க, "ரன்-ஃப்ளாட் இல்லை, லைட் வந்தா நிறுத்தவும்"னு. நாளைக்கு விக்கும்போது வாங்கறவர்கிட்டயும் சொல்லுங்க.

அந்த லைட் எரியணும்னா சென்சர் உயிரோட இருக்கணும். 2008ல வந்த ஒரிஜினல் சென்சர்னா உள்ள இருக்கற பேட்டரி ஏழுல இருந்து பத்து வருஷம்தான் தாங்கும், இந்நேரம் செத்திருக்கும் இல்ல சாகற நிலைமையில இருக்கும். டயர் கழட்டின நேரத்துல நாலையும் மாத்திடுங்க, தனியா அதுக்குன்னு போனா திரும்ப மாட்டற கூலி. ரன்-ஃப்ளாட் போடறதா இருந்தா இது இன்னும் முக்கியம், ஏன்னா ரன்-ஃப்ளாட்ல காத்து போனா கண்ணுக்கே தெரியாது, சைடுவால் நிமிந்து நிக்கும், ஓட்டும்போதும் பெருசா தெரியாது, சென்சர் இல்லைன்னா காத்தில்லாம 80 மைல் வேகத்துல போயிட்டிருப்பீங்க.

டின்ல வர்ற சீலண்ட் திரவம் பத்தி கேட்டிருந்தீங்க. கடைசி வழியா வெச்சுக்கங்க, அவ்வளவுதான். உள்ள பூரா கொழகொழன்னு ஆகி சென்சரை அடைச்சிடலாம், கடைக்காரர் திட்டிட்டே கழுவுவார், டின்னுக்கு எக்ஸ்பைரி டேட் வேற உண்டு, வெயில்ல கிடக்கற டின்னை நம்ப முடியாது.

டோ வண்டி கூப்பிடும்போது ஃப்ளாட்பெட் வேணும்னு வாய் விட்டு சொல்லுங்க, கார்வெட்னு மட்டும் சொன்னா கொக்கி போட்ட வண்டியை அனுப்பிடுவாங்க, முன்னாடி கீழ தொங்கற அந்த ரப்பர் ஏர் டேம் பிஞ்சுடும். ஜாக்கி வெக்கணும்னா வண்டி அடியில ஃப்ரேம்ல இருக்கற நீள ஓட்டையில மாட்டற பக்னு ஒரு சின்ன கட்டை விக்கறாங்க, நாலு வாங்கி அந்த பையிலயே போட்டு வைங்க. டயர் கடையில வண்டியை தூக்கறதுக்கு முன்னாடி நீங்களே எடுத்துக் குடுங்க. நிறைய பேர் ஓரத்து பேனல்லயே ஜாக்கியை வெச்சு விரிசல் விட வெச்சிருக்காங்க, அந்த பேனல் இரும்பு கிடையாது.

வித்தியாசமான டெக்னாலஜி எதையும் தேடிப் போகாதீங்க. நம்ம ஆளுங்க வீட்ல ஹோண்டா ஒடிஸி இல்லாத வீடு கம்மி, 2005 ஒடிஸி டாப் மாடல்ல மிஷலின் பாக்ஸ்னு ஒரு சிஸ்டம் வந்துச்சு, டயருக்குள்ள வளையம் வெச்ச ரன்-ஃப்ளாட். நல்ல யோசனைதான், ஆனா அதை கழட்டி மாட்ட தனி மெஷின், எல்லா கடையிலயும் கிடையாது, ஒரு டயர் தேஞ்சா ஓனர்கள் அலைஞ்ச அலைச்சல்ல கேஸ் வரைக்கும் போச்சு. அதுக்கப்புறம் எனக்கு ஒரே விதிதான்: அவசரத்துல பக்கத்து கடையில கிடைக்காத டயர் எவ்வளவு நல்ல டயரா இருந்தாலும் நல்ல டயர் இல்ல. உங்க 285 சைஸே கொஞ்சம் கஷ்டமான சைஸ், அதுல ரன்-ஃப்ளாட்னா இன்னும் கஷ்டம், அதையும் கணக்குல சேத்துக்கங்க.

குளிர்காலத்துக்கு ஒரு வார்த்தை. 4எஸ் ஆகட்டும், சூப்பர் ஸ்போர்ட் இசட்பி ஆகட்டும், ரெண்டும் சம்மர் டயர், 45 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு கீழ கட்டையா ஆயிடும், 20க்கு கீழ போனா வண்டியை நகர்த்தினாலே ட்ரெட் விரிசல் விடலாம்னு கம்பெனியே எச்சரிக்குது. 2021 பிப்ரவரி பனிப்புயல்ல டல்லாஸ் என்ன பாடு பட்டுச்சுன்னு தெரியும்ல, அந்த மாதிரி நாள்ல கராஜ்லயே கிடக்கட்டும். குளிர்காலத்துலயும் அவங்க ஆபீஸுக்கு எடுத்துட்டு போறாங்கன்னா ஆல் சீசன் இசட்பி இருக்கான்னு பாருங்க, ட்ராக் டே பிடிப்பு கொஞ்சம் குறையும், பரவால்ல.

காத்து, எந்த டயர் போட்டாலும் கதவோரத்து ஸ்டிக்கர்ல இருக்கற மாதிரி நாலுக்கும் குளிர்ந்த நிலையில 30 பிஎஸ்ஐ, அங்க இருந்து ஒண்ணு ரெண்டு மேல கீழ வெச்சு உங்களுக்கு எது பிடிக்குதுன்னு பாத்துக்கங்க, 36, 38னு அடிச்சா நடு ட்ரெட் மட்டும் தேயும். முன்னாடி பின்னாடி சைஸ் வேற வேறங்கறதால டயர் ரொட்டேஷன் கிடையாது, பின்னாடி எப்பவும் முன்னாடியை விட சீக்கிரம் காலியாகும். மாட்டின கையோட அலைன்மெண்ட் பண்ணிடுங்க, பழைய டயர் உள்ஓரம் மட்டும் தேஞ்சிருக்கான்னு கழட்டினப்போ திருப்பிப் பாருங்க, தேஞ்சிருந்தா அலைன்மெண்ட் ஆளுக்கு காட்டுங்க. வீல் நட் 100 பவுண்ட்-ஃபுட் டார்க், ஏர் கன்ல அடிச்சு விட்டா போதாது, டார்க் ரெஞ்ச் வெக்க சொல்லுங்க, 50, 100 மைல் ஓடினப்புறம் நீங்களே ஒரு தடவை செக் பண்ணுங்க. புது டயர் மேல அச்சுல இருந்து வந்த வழவழப்பு இருக்கும், முதல் சில நூறு மைல் அது போற வரைக்கும், அதுவும் ரோடு ஈரமா இருந்தா, ஆக்சிலரேட்டர்ல காலை மெதுவா வைங்க. ஆர்டர் போடறதுக்கு முன்னாடி கடைக்காரர்கிட்ட டாட் நம்பர் கேளுங்க, இந்த சைஸ் வேகமா விக்காது, ரெண்டு மூணு வருஷம் குடோன்ல கிடந்ததை தள்ளி விட பாப்பாங்க.